தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும்? நீண்ட விமானப் பயணத்துக்குக் கணக்குப் போடும் வழி

லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 9,560 கிலோமீட்டர் என்று பதில் வரும். பக்கத்திலேயே பறக்கும் நேரம் பதினொன்றரை, பன்னிரண்டு மணி நேரம் என்றும் போட்டிருப்பார்கள். சரி என்று டிக்கெட் தேடினால் அங்கே 14 மணி நேரம் என்று இருக்கும். கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் வைத்துக் கழித்துப் பார்த்தால் 23 மணி நேரம் வரும். திரும்பி வரும் டிக்கெட்டில் அதே கழித்தல் ஐந்தரை மணி நேரம் என்று காட்டும்.

இவற்றில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. இரண்டு நகரங்களுக்கு நடுவே தூரம் ஒன்றுதான், நேரம் பல. எந்த நேரம் உங்களுக்கு வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை லண்டன்-டோக்கியோவையே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். வேறு எந்த இரண்டு நகரங்களுக்கும் இதே முறைதான்.

முதலில் விமான நிலையத்தை முடிவு செய்யுங்கள்

நகரத்தின் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள். ஹனேடா நகர மையத்திலிருந்து 15 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது, நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் மேல். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று இன்னும் அதிகம். வானத்தில் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை, சில நிமிடங்கள்தான். தரையில் இறங்கிய பிறகுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்னும். டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து எந்த நிலையம் என்று உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

தூரம்

பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள நிலம் எல்லாம் இழுபட்டுக் கிடக்கும். வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிவது குறைந்த தூரம் அல்ல. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் பெருவட்டத்தின் வழியே போவது. பெருவட்டம் என்பது பூமியைச் சரிபாதியாக வெட்டினால் வெட்டுவாயில் கிடைக்கும் வட்டம்.

நார்வேயின் ஆஸ்லோவும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 60 பாகை வாக்கில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் நேராக மேற்கே போனால் போதும் என்று தோன்றும். அப்படிப் போனால் சுமார் 8,800 கிலோமீட்டர். வட துருவத்துக்குப் பக்கமாக ஏறி இறங்கினால் சுமார் 6,450 கிலோமீட்டர்தான். விமானத்தின் திரையில் பாதை ஏன் இப்படி வில்லாக வளைந்து போகிறது, எதற்காகச் சுற்றுகிறார்கள் என்று புதிதாகப் பயணிப்பவர்கள் கேட்பதுண்டு. சுற்றவில்லை, அதுதான் நேர்வழி.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. கூகுள் எர்த்தில் அளவுகோலை எடுத்து இரண்டு நிலையங்களையும் தொட்டால் பெருவட்டத் தூரம் வந்துவிடும். நாமே போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். லண்டன் வடக்கே 51.5 பாகை, மேற்கே 0.1 பாகை. டோக்கியோ வடக்கே 35.7, கிழக்கே 139.7. தீர்க்கரேகை வித்தியாசம் 139.8 பாகை.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.457. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும், மூன்றையும் சேர்த்துப் பெருக்குங்கள்: மைனஸ் 0.386. இரண்டையும் கூட்டினால் 0.071. இந்த எண்ணுக்குத் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் ஏறத்தாழ 86 பாகை. பூமியின் மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு நகரங்களுக்கும் நடுவே உள்ள கோணம் அது. பூமியின் மேல் ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 9,560 கிலோமீட்டர்.

ஸ்பிரெட்ஷீட்டில் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. அது கோணத்தைப் பாகையில் வாங்காது, ரேடியன் என்ற வேறு கோண அலகுக்கு மாற்றித் தர வேண்டும். கிழக்கைப் பிளஸ் என்றால் மேற்கு மைனஸ், வடக்கைப் பிளஸ் என்றால் தெற்கு மைனஸ். இதில் ஒன்று புரண்டாலும் விடை எங்கோ போய்விடும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர் என்பதால் எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே 20,000 கிலோமீட்டருக்கு மேல் வரவே முடியாது.

பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை பிசகலாம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகுமே என்று சிலர் கேட்பார்கள். ஆகும்தான், லண்டன்-டோக்கியோவுக்கு 16, 17 கிலோமீட்டர் கூடும். இரண்டையும் மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது அலகு. விமானத் துறையில் புழங்குவது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். வெறும் 'மைல்' என்று எழுதியிருந்தால் எது என்று பார்த்த பிறகே கிலோமீட்டருக்கு மாற்றுங்கள்.

தூரத்திலிருந்து நேரம்

இன்றைய நீண்ட தூர ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் வாக்கில் பறக்கின்றன. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர். ஆனால் 900-ஆல் வகுத்தால் விடை குறைவாக வரும். பாதை பெருவட்டத்திலிருந்து கொஞ்சம் விலகும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையும், ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகவும் நேரமாகும். டிக்கெட்டில் போடும் நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அடுத்த ஊரில் வாயிலுக்கு வந்து நிற்கும் வரை. வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல.

அதனால் நான் சொல்லும் கணக்கு இது: கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். லண்டன்-டோக்கியோவுக்கு 11 மணி 45 நிமிடம். சிங்கப்பூர்-நியூயார்க் சுமார் 15,350 கிலோமீட்டர், அதற்கு 18 மணி 35 நிமிடம் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த வழியில் இடைநிறுத்தம் இல்லாமல் போவதற்குப் போடும் நேரமும் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரப் பயணங்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது, அங்கே ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும்பகுதி போய்விடும்.

காற்று எந்தப் பக்கம்?

தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்லும் கருவிகள் தடுக்கி விழுவது இங்கேதான். போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரம் போடுகிறார்கள் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

பூமியின் நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. மணிக்கு 150 கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். 900-இல் பறக்கும் விமானத்துக்கு 100 கிலோமீட்டர் காற்று முதுகில் தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000, முகத்தில் அடித்தால் 800. லண்டன்-நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர். கிழக்கே வரும்போது 7 மணி நேரமோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ ஆகும், மேற்கே போகும்போது 8 மணி நேரத்தைத் தொடும். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரை வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சியதாக அப்போது பலர் நினைத்தார்கள். மிஞ்சவில்லை, சுற்றியிருந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

தெற்கு அரைக்கோளத்திலும் இதே கதைதான். ஜோஹன்னஸ்பர்க்-சிட்னி சுமார் 11,000 கிலோமீட்டர். கிழக்கே போக 12 மணி நேரத்துக்குள், திரும்பி வர 14 மணி நேரம் வாக்கில்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம், மொத்தத்தில் சமம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஆகாது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போகும் நேரம் நீண்டது, அதனால் காற்று நம்மைப் பிடித்து வைத்திருக்கும் நேரமும் நீண்டது. காற்றே இல்லாவிட்டால் ஆகும் நேரத்தைவிட, காற்றோடு போய் வந்தால் மொத்தம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும்.

பூமி கிழக்கே சுற்றுவதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேர வேண்டாமா என்று குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கேட்கிறார்கள். பூமியோடு காற்றும் சேர்ந்து சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. நடப்பது அதற்கு நேர்மாறு.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மேற்கு நோக்கிய நீண்ட பயணம் என்றால் கணக்கிட்ட நேரத்தோடு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை கூட்டுங்கள். கிழக்கு நோக்கி என்றால் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் அரை மணி குறையுங்கள். வடக்கு-தெற்காகப் போகும் பயணத்தில் திருத்தம் தேவைப்படாது.

காற்றுக்காகத் தூரத்தையே கூட்டிக்கொள்வதும் உண்டு. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா 2016-இல் பசிபிக் வழிக்கு மாறியது. அந்த வழி சுமார் 15,300 கிலோமீட்டர், பழையதைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆனாலும் காற்று முதுகில் இருந்ததால் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

வானம் திறந்திருக்கிறதா?

சரி, லண்டன்-டோக்கியோவுக்கு நம் கணக்கில் 11 மணி 45 நிமிடம் வந்தது, டிக்கெட்டில் 14 மணி நேரம். கிழக்கு நோக்கிய பயணம், காற்றும் சாதகம். பிறகு ஏன்?

பெருவட்டப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பிரிட்டிஷ், ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் அந்த வான்வெளியில் பறப்பதில்லை. தெற்கே மத்திய ஆசியா வழியாகச் சுற்றுகிறார்கள், இல்லாவிட்டால் அலாஸ்கா, வட துருவப் பக்கமாகச் சுற்றுகிறார்கள். ஹெல்சிங்கிக்கு அடி இன்னும் பலம். அங்கிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர்தான், முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போனார்கள், இப்போது 13 மணி நேரம் வரை ஆகிறது. சீன நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் தொடர்ந்து பறக்கின்றன. ஆகவே ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் நடுவே, அதே இரண்டு நகரங்களுக்கு, நிறுவனம் மாறினால் நேரமும் மாறும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

போர் இல்லாத இடத்திலும் விமானம் விலகிப் போகும். திபெத் பீடபூமியின் மேல் பெரும்பாலும் பறக்க மாட்டார்கள். கேபினில் அழுத்தம் குறைந்தால் விமானம் 10,000 அடிக்குச் சீக்கிரம் இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம். இரட்டை இயந்திர விமானங்களுக்கு இன்னொரு விதி: ஒரு இயந்திரம் நின்றால் மற்றதை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய நிலையம் ஒன்று எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தென் பசிபிக் போன்ற வெறும் கடலில் இதுவும் பாதையை வளைக்கும்.

உங்கள் கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், பெருவட்டப் பாதை எந்தெந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

கடிகாரத்தைக் கழிக்காதீர்கள்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். நேராகக் கழித்தால் தப்பான விடைதான் வரும். இரண்டையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

குளிர்காலத்தில் லண்டனும் யூடிசியும் ஒன்று. டோக்கியோ 9 மணி நேரம் முன்னால். லண்டனில் இரவு 7 மணிக்குக் கிளம்பினால் 14 மணி நேரம் கழித்து யூடிசிப்படி மறுநாள் காலை 9 மணி. அதோடு 9 கூட்டினால் டோக்கியோவில் மாலை 6 மணி. தொடக்கத்தில் சொன்ன 23 மணி நேரம் இங்கிருந்துதான் வந்தது. திரும்பும்போது டோக்கியோவில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் யூடிசிப்படி அதிகாலை 1 மணி. பதினான்கரை மணி நேரம் பறந்து லண்டனில் இறங்கும்போது அதே நாள் பிற்பகல் 3:30. கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரம், உடம்புக்கு முழுதாகப் பதினான்கரை.

கோடைக்கால நேரம் இதில் புகுந்து குழப்பும். ஜப்பான் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி முன்னால் தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று திருப்பி வைக்கிறது. அதனால் வித்தியாசம் பாதி வருடம் 9, மீதி 8. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றி நவம்பர் முதல் ஞாயிறு வரை வைத்திருப்பதால் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும் 4 ஆகும். சிட்னியில் மாற்றம் தலைகீழ், அங்கே கோடை டிசம்பரில். இந்தியாவின் ஐந்தரை, நேபாளத்தின் ஐந்தே முக்கால் என்று முழு மணி அல்லாத நேரங்களும் உண்டு. பயணத் தேதிக்கு எது என்று பார்த்துப் போடுங்கள், இன்றைய தேதிக்கு அல்ல.

டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால் மறுநாள். விடுதி முன்பதிவை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிடுவது இதைக் கவனிக்காததால்தான். பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் நாள் பின்னால் போகும். டோக்கியோவில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஏறி 7 மணி நேரம் பறந்தால் ஹொனலுலுவில் இறங்கும்போது அதே சனிக்கிழமை காலை 9 மணி.

நேர் விமானம் இல்லாவிட்டால்

நடுவில் எந்த ஊரில் மாறுவது என்பதையும் தூரக் கணக்கே சொல்லிவிடும். லண்டன்-சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 10,880-உம் 6,300-உம் சேர்த்து 17,200 வாக்கில், கிட்டத்தட்டச் சுற்றே இல்லை. துபாய் வழியாக 17,500. லாஸ் ஏஞ்சலஸ் வழியாக 20,800. கடைசி வழியில் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். அமெரிக்காவில் விமானம் மாற மட்டும் இறங்கினாலும் விசாவோ பயண அனுமதியோ வேண்டும் என்பது தனி.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்த அரை மணி மறுபடி சேரும், காத்திருப்பு தனி. 'டைரக்ட்' என்று போட்டிருந்தாலும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம், விமான எண் மாறாது அவ்வளவுதான். நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்' மட்டும். இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கினால் அது உங்கள் பொறுப்பு. சில ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகும் பயணத்தில் தனித்தனி டிக்கெட் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு

இவ்வளவும் போட்ட பிறகு, ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைக் கொடுத்து, கடந்த சில நாட்கள் அந்த விமானம் உண்மையில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வைத்துக்கொள்கின்றன. அதனால் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் 'சரியான நேரத்தில்' வந்து சேர்வது அடிக்கடி நடக்கும். எப்போதும் தாமதமாகவே வரும் விமானம் என்றால், அடுத்த இணைப்புக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் விட்டு முன்பதிவு செய்யாதீர்கள்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை என்றால் கிளம்புவதற்கு 3 மணி நேரம் முன்னதாகப் போவது, நிலையம் வரைக்குமான பயணம், இறங்கிய பிறகு இமிகிரேஷன் வரிசை, பெட்டி, நகருக்குள் போகும் ரயில் எல்லாம் சேரும். 14 மணி நேர விமானம் 20 மணி நேரப் பயணமாவது சாதாரணம். அழைக்க வருபவர்களிடம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். டிக்கெட்டின் நகலை அனுப்புவதைவிட விமான எண்ணை அனுப்புவது உபயோகம், தாமதமானால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டெர்மினல் எண்ணையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.